தோடு போட்ட மீன்கள்

ஏலக் கொட்டகையில் மீனை எடை போடுகிறவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவளுக்கே எப்போதாவதுதான் ஞாபகம் வரும். ஏரிக்கரை முழுக்க அவள் தராசு. வயதில் சின்னவர்களுக்குத் தராசக்கா, அவ்வளவுதான் வித்தியாசம். பத்தொன்பது வருஷமாக அந்த ஏரியில் பிடிபட்ட மீனெல்லாம் அவள் கையைத் தொட்டுத்தான் சந்தைக்குப் போயிருக்கிறது. கூடையைத் தூக்கி வைக்கும்போதே எடையைச் சொல்லிவிடுவாள். முள் சாவகாசமாக வந்து அதே இடத்தில் நிற்கும். முள்ளுக்கே அவளிடம் பயம் என்று வியாபாரிகள் சொல்வார்கள்.

அப்பேர்ப்பட்டவள் அன்று காலை ஆறு மணியிலிருந்து கொட்டகைக்கும் படகுத்துறைக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தாள். மூன்று படகுகள் குடாவுக்குப் போயிருந்தன. அவை திரும்பி வந்தால், இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் வாயைக் கொடுத்தது சரியா தப்பா என்று தெரிந்துவிடும்.

ஏரியின் வடக்கு ஓரத்தில், பாறைத் திட்டுக்குப் பின்னால், அலையடிக்காத குடா ஒன்று இருக்கிறது. கெண்டைகள் முட்டையிடுவது அங்கேதான். முன்பெல்லாம் இருபது கிலோ கூடைக்குப் பன்னிரண்டு கெண்டை போதும். அப்புறம் இருபது வேண்டியிருந்தது. கடைசியில் நாற்பது போட்டால்தான் முள் ஏறியது. பொடி மீனுக்கு வியாபாரி பாதி விலைதான் தருவார் என்பதால் எல்லோரும் இரண்டு மடங்கு பிடித்தார்கள்; இரண்டு மடங்கு பிடித்ததால் மீன் இன்னும் பொடியானது. இது தெரியாத ஆள் கரையில் ஒருவர்கூட இல்லை. ஆனால் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "நான் விட்டா அடுத்தவன் பிடிச்சிட்டுப் போவான்." ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று நாற்பது படகும் அள்ளின. அதில் ஒருவன், மற்றவர்களுக்கு முன்னால் குடாவைப் போய்ச் சேரவேண்டும் என்பதற்காகவே, லாரியை இழுக்கக்கூடிய ஓர் இன்ஜினை வாங்கிப் படகில் மாட்டினான். அன்றிலிருந்து அவன் பெயர் ராக்கெட்.

ஒருநாள் சங்கக் கூட்டத்தில் தராசு எழுந்து நின்றாள்.

"கூடையைத் தூக்குறது நானு. எனக்குத்தான் தெரியும். நீங்க பிடிக்கிறது மீன் இல்ல, மீனோட பிள்ளைங்க. குடாவை ரெண்டு வருஷம் மூடிப் பாருங்க. அதுக்கப்புறம் நாலாயிரம் மீனுக்குக் கீழ இருந்தா, நான் இனிமே இந்தக் கூட்டத்துல வாயே திறக்கல."

அவள் வாயே திறக்கமாட்டாள் என்கிற பகுதி நிறையப் பேருக்குப் பிடித்துப்போனது. தீர்மானம் நிறைவேறிவிட்டது. நாலாயிரத்துக்கு மேல் இருந்தால், யார் எவ்வளவு பிடிப்பது என்று சங்கம் முடிவு செய்யும். குறைந்தால் எந்தப் படகும் எந்த வலையோடும் போகலாம். எந்த வலையும் என்றால், கொசுவைக்கூட விடாத பொடிக்கண் வலையும்தான்.

இதில் அவள் செய்த ஒரே தப்பு, எழுந்து நிற்பதற்கு முன்னால் அத்தானிடம் சொல்லாதது.

அத்தான் அவளுடைய அக்காவின் புருஷன். பக்கத்து வீடு. அக்காவைக் கட்டிக்கொண்டு வந்தபோது தராசுக்கு ஒன்பது வயது. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததிலிருந்து கொட்டகையில் வேலை வாங்கிக்கொடுத்தது வரை எல்லாம் அவர்தான். அவருடைய படகு சின்னது. பெரிய அலைக்கு ஆகாது. அவருக்கு ஏரி என்றாலே குடாதான். தன் பிழைப்பை இரண்டு வருஷத்துக்குப் பூட்டிவிட்டாள் மச்சினிச்சி என்கிற செய்தியை அவர் டீக்கடையில் ராக்கெட் வாயால் கேட்டார். மறுநாள் ஐஸ் ஃபேக்டரியில் கட்டி உடைக்கும் வேலைக்குப் போனார். தராசிடம் பேச்சை நிறுத்தினார்.

பேச்சு நின்றதே தவிரப் போக்குவரத்து நிற்கவில்லை. சாயங்காலம் அவள் அக்கா வீட்டுக்குப் போனால், நாற்காலியை அவள் பக்கம் காலால் தள்ளிவிட்டு, சுவரைப் பார்த்துச் சொல்வார்: "உன் தங்கச்சிக்கு டீ வேணுமான்னு கேளு." அக்கா நடுவில் நின்று இரண்டு வருஷமாகத் தபால்காரி வேலை பார்த்தாள். சம்பளம் இல்லாத உத்தியோகம் என்று புலம்புவாள். குடாவில் மீன் பெருகாவிட்டால் அத்தானின் படகு விறகுக்குத்தான் ஆகும் என்பதைத் தராசு ஒரு நாளும் மறக்கவில்லை. படுத்தால் அதே நினைப்பு.

சரி, ஏரிக்குள் இருக்கும் மீனை எப்படி எண்ணுவது? வரிசையில் நில்லுங்கள் என்றால் நிற்குமா? அதற்குத்தான் மீன்வளத் துறையிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். ஊரில் அவருக்கு மீன் டாக்டர் என்று பெயர். ரொம்பப் படித்தவர், ரொம்ப நல்லவர், படகில் ஏறினால் வாந்தி எடுப்பவர். மூன்று வாரத்துக்கு முன்னால் குடாவில் நானூறு கெண்டைகளைப் பிடித்து, முதுகுத் துடுப்புக்குக் கீழே ஆளுக்கொரு மஞ்சள் பிளாஸ்டிக் துண்டு மாட்டித் திருப்பி விட்டார்கள். மாட்டிய பெண்கள் அதைத் தோடு என்றார்கள். அதன் பிறகு துறை வைத்த பெயரைச் சொல்லிப் பார்த்த மீன் டாக்டரும் தோற்றுப்போய், தோடு என்றே எழுத ஆரம்பித்தார்.

கூட்டத்தில் அவர் ஒரு சாக்குக் கடலையைக் கொட்டி விளக்கினார். வெள்ளைக் கடலைக்குள் ஒரு பிடி கறுப்புக் கடலையைக் கலந்தார். "கண்ணை மூடிக்கிட்டு ஒரு கை அள்ளுங்க. கறுப்பு நிறைய வந்தா சாக்கு சின்னதுன்னு அர்த்தம். எப்பவாவது ஒண்ணு வந்தா சாக்கு பெரிசு. அதே மாதிரி, மூணு படகு போய் வலை போட்டு, வர்ற மீனை அப்படியே கொண்டு வரணும். அதுல தோடு எத்தனைன்னு பார்த்துக் கணக்குப் போடுவேன். தோடு கம்மியா வந்தா மீன் ஜாஸ்தி."

தராசுக்குப் பளிச்சென்று புரிந்தது. ஆனால் தராசு உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் அத்தான் உட்காருவாரா? அவர் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார். சீட்டுக் குலுக்கியபோது வந்த மூன்று படகுகளில் ஒன்று அவருடையது.

பதினோரு மணிக்குப் படகுகள் வந்தன. நாற்பது படகுக்காரர்களும், கூடவே அக்காவும் கொட்டகையில் கூடியிருந்தார்கள். ராக்கெட்டின் படகில் பொடிக்கண் வலை சுருட்டித் தயாராக இருந்தது. அத்தான் கூடைகளை இறக்கிவிட்டு, முகத்தில் ஒரு திருப்தியோடு தூணில் சாய்ந்து நின்றார். அவரோடு போன இரண்டு பேரும் எதையோ சாதித்தவர்கள் மாதிரி மீசைக்குள் சிரித்தார்கள்.

மொத்தம் அறுபது மீன். அருமையான மீன்கள், ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்குக் குறையாது. மீன் டாக்டர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். தோடு. தோடு. தோடு. மறுபடியும் தோடு. முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. கடைசி மீனை வைத்துவிட்டு எழுந்தார்.

"அறுபதுல நாப்பத்தெட்டுக்குத் தோடு இருக்கு. அஞ்சு மீன்ல நாலு. அப்படின்னா..." அவர் தராசைப் பார்த்தார். "குடால மொத்தமே ஐந்நூறு மீன்தான் இருக்கு."

ராக்கெட் கைதட்டினான். "சரி தலைவரே, தீர்மானம் தீர்மானம்தான். நாங்க கிளம்பலாமா?"

சங்கத் தலைவர் வெடுக்கென்று எதையும் சொல்பவர் அல்ல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அத்தானின் முகத்தில் இருந்த திருப்தி எங்கே போனது என்று தெரியவில்லை. தராசு யாரையும் பார்க்கவில்லை. படகுத்துறைக்கு நடந்தாள். அழுகையை அடக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அத்தானின் படகோரம் உட்கார்ந்து, இரண்டு வருஷம் அவர் உடைத்த ஐஸ் கட்டிகளை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அழுகிற கண்ணுக்கும் வேலைப் பழக்கம் போகாது. படகின் அடிப்பலகை முழுக்க ஏதோ மினுங்கிக்கொண்டிருந்தது. செதில். ஓரத்தில், கயிற்றில், துடுப்பில், எல்லா இடத்திலும் செதில். கையை வைத்தால் விரல் புதைந்தது. அவள் அழுகையை நிறுத்தினாள். இந்தப் படகிலிருந்து இறங்கியது இருபது மீன். உயிரோடு வந்த இருபது மீன் இத்தனை செதிலை உதிர்க்குமா? பத்தொன்பது வருஷம் கூடை கழுவியவளிடமா கதை? பக்கத்துப் படகை எட்டிப் பார்த்தாள். அதிலும் அப்படியே.

"அத்தான்!" என்று அவள் போட்ட சத்தத்தில் துறையில் இருந்த கொக்குகள் எழும்பிப் பறந்தன.

கொட்டகை மொத்தமும் துறைக்கு வந்துவிட்டது. அத்தான் அக்காவின் பின்னால் ஒளிந்தார். அக்கா ஒல்லி, அவர் மறையவில்லை.

"இந்தப் படகுல எத்தனை மீன் ஏறிச்சு?" என்றாள் தராசு.

அத்தான் வானத்தைப் பார்த்தார். "உன் தங்கச்சிகிட்ட சொல்லு, இருபது மீனுன்னு."

"இருபது மீன் ஒரு படகுச் செதிலை உதிர்க்காது. மீதி மீன் எங்கே?"

"உன் தங்கச்சிகிட்ட சொல்லு..."

"நான் சொல்லமாட்டேன்" என்றாள் அக்கா. "வேலையை ராஜினாமா பண்ணிட்டேன். நீங்களே சொல்லுங்க."

அத்தான் இரண்டு பக்கமும் பார்த்தார். ஓட வழியில்லை. திடீரென்று நேராகத் திரும்பி, இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாகத் தராசின் முகத்தைப் பார்த்து வெடித்தார்.

"உனக்காகத்தான் பண்ணேன் சின்னவளே! தோடு மீன் எத்தனை வருதுன்னு பார்க்கப் போறாங்கன்னாங்க. சரி, தோடு மீன்தான் வேணும்போலன்னு பொறுக்கிப் பொறுக்கி எடுத்தோம். ஒரு மூலை விடாம குடா பூரா சல்லடை போட்டுச் சலிச்சோம். தோடு இல்லாததையெல்லாம் திருப்பி விட்டுட்டோம். எல்லாத்துக்கும் தோடு இருந்தா சந்தேகம் வருமேன்னு, பார்வைக்கு ஆளுக்கு நாலு மட்டும் சாதா மீன் சேர்த்தோம். என் கையைப் பாரு, கொப்புளம்!"

அந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாக அதுதான் வழக்கம். வியாபாரி என்ன மீன் கேட்டாரோ அதை மட்டும் கரைக்குக் கொண்டுவந்து, மற்றதை உயிரோடு தண்ணீரில் விட்டுவிடுவார்கள். கேட்டது தோடு, கொண்டுவந்தது தோடு. உபகாரம் செய்யப்போய் உபத்திரவம் ஆகிவிட்டது.

தராசுக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. "எத்தனை மீனைத் திருப்பி விட்டீங்க?"

"யாரு எண்ணினா?"

"ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்களே அத்தான், ஏரியில போட்டா எண்ண வேண்டாமா!"

"எண்ணுற மாதிரியா இருந்துச்சு?" என்றார் அத்தான். "வலையைத் தூக்கவே மூணு பேர் வேண்டியிருந்துச்சு. அம்மாடி, அத்தனை கெண்டையை நான் என் ஜென்மத்துல பார்த்ததில்ல."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே காதில் விழுந்தது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. மீன் டாக்டரின் முகத்துக்கு ரத்தம் திரும்பியது.

ராக்கெட் விடுவானா? "மச்சினிச்சியைக் காப்பாத்த மாமன் அவிழ்த்து விடுறாரு. இதை நம்பணுமா?"

"நம்ப வேண்டாம்" என்றாள் தராசு. "நீயே வா. உன் படகுலயே போவோம். நீயே வலை போடு, நீயே எண்ணு. பெரிய கண் வலை. ஒரே ஒரு தடவை. வர்றது வரட்டும்."

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அது சம்மதம் என்று எல்லோருக்கும் தெரியும்.

ராக்கெட்டின் படகில் ஐந்து பேர் ஏறினார்கள்: ராக்கெட், தலைவர், அத்தான், தராசு, பிறகு கடமைக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்த மீன் டாக்டர். அவர் பாறைத் திட்டைத் தாண்டுவதற்குள் இரண்டு தடவை ஓரத்தில் குனிந்துவிட்டார். குடாவுக்குள் நுழைந்ததும் ராக்கெட் இன்ஜினை அணைத்தான். தண்ணீர் அசையவில்லை. அத்தான் சொன்னது பெருமைக்காகச் சொன்னதாக இருந்தால்? மீன்காரன் சொல்லும் மீனளவை எப்போதும் பாதியாக்கித்தான் கேட்கவேண்டும் என்பது தராசின் தொழில் பாடம்.

ராக்கெட் வலையை இறக்கி வளைத்தான். அரைமணி நேரம் கழித்து இழுத்தான். வலை வரவில்லை.

"கல்லுல மாட்டிக்கிச்சு" என்றான் எரிச்சலாக.

"இழு" என்றார் அத்தான்.

இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். வலை கொஞ்சம் வந்தது. கல் அசைந்தது. கல் துள்ளியது. தண்ணீருக்கு அடியிலிருந்து பழுப்பும் பொன்னுமாக ஒரு கூட்டம் புரண்டு மேலே வந்தது. தெறித்த தண்ணீரில் தலைவரின் கண்ணாடி ஏரிக்குள் போய் விழுந்தது, அவர் கவலைப்படவே இல்லை. தராசு "ஐயோ, ஐயோ" என்று மட்டும் சொல்லிக்கொண்டு, வலையை எட்டிப் பிடித்து இழுத்தாள். ராக்கெட்டும் கத்திக்கொண்டிருந்தான். சந்தோஷத்தில் கத்துகிறோம் என்று அவனுக்கு அப்போது தெரியாது.

அவனே எண்ணினான். அவனே ஒவ்வொன்றையும் தண்ணீரில் விட்டான். இருநூற்று நாற்பது. தோடு பன்னிரண்டு.

மீன் டாக்டர் படகின் ஓரத்தைப் பிடித்தபடி, பச்சை முகத்தோடு கணக்கைச் சொன்னார். "இருபதுக்கு ஒண்ணு. நானூறு தோடுல காலையில வந்த நாப்பத்தெட்டு போக முந்நூத்தம்பது சொச்சம்... அப்ப ஏழாயிரம்." சொல்லிவிட்டு மறுபடி குனிந்தார். அத்தனை சந்தோஷமாக வாந்தி எடுத்த மனிதரை அந்த ஏரி பார்த்ததில்லை.

கடைசி மீன் ஐந்து கிலோ இருக்கும். ராக்கெட் அதைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு நின்றான். "ஒண்ணே ஒண்ணு?"

"விடு!" என்றார்கள் நான்கு பேரும்.

சாயங்காலமே கூட்டம். ஏழாயிரம் என்றதும் நாளைக்கே போகலாம், இன்றைக்கே போகலாம் என்று ஆளாளுக்குக் குதித்தார்கள். தராசு எழுந்தாள். வாயே திறக்கமாட்டேன் என்ற பேச்சு இனி செல்லாது அல்லவா, நன்றாகவே திறந்தாள். வருஷத்துக்கு இரண்டாயிரம் எடுத்தால் அடுத்த வருஷத்துக்குள் அது திரும்ப வளர்ந்துவிடும் என்கிறார் மீன் டாக்டர். நாற்பது படகு, படகுக்கு ஐம்பது மீன். பெரிய படகுக்கும் ஐம்பது, சின்னப் படகுக்கும் ஐம்பது. வருஷத்தில் எந்த நாளில் வேண்டுமானாலும் போய் எடுத்துக்கொள்ளலாம், யாருடைய ஐம்பதையும் இன்னொருவர் தொடமுடியாது.

கணக்கு எல்லோருடைய தலையிலும் மெதுவாக இறங்கியது. முதலில் பேசியது ராக்கெட்தான்.

"அப்படின்னா யாருக்கு முன்னாடியும் போகவேண்டியதில்லையா?"

"வேண்டியதில்ல."

"மெதுவா துடுப்புப் போட்டுப் போனாலும் என் அம்பது அங்க இருக்கும்?"

"இருக்கும்."

அவன் திரும்பித் துறையில் கட்டியிருந்த தன் படகைப் பார்த்தான். "அப்புறம் நான் எதுக்குடா இவ்வளவு பெரிய இன்ஜின் வாங்கினேன்?"

கொட்டகை கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சிரிப்பு. கூடவே அவனும் சிரித்தான், பாவம்.

குடாவைத் திறந்த அன்று பதினெட்டுப் படகுகள் போயின. பழக்கதோஷம். மதியத்துக்குள் கொட்டகையில் கெண்டை மலையாகக் குவிந்தது. இருபது கிலோ கூடைக்கு ஒன்பது மீன்தான் பிடித்தது. தராசு ஒவ்வொரு கூடையையும் தூக்கி வைக்கும்போது மனசுக்குள் பாடிக்கொண்டே தூக்கினாள். ஆனால் இத்தனை மீனை ஒரே நாளில் பார்த்த வியாபாரிகள் விலையை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டார்கள். அத்தானை மட்டும் காணவில்லை.

இரண்டு மணிக்குக் கொட்டகையைப் பூட்டிவிட்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான் கால் நீட்டி உட்கார்ந்து வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"உடம்புக்கு என்ன அத்தான்? ரெண்டு வருஷம் ஐஸ் உடைச்சிட்டு, திறந்த அன்னிக்கு வீட்டுல உட்கார்ந்திருக்கீங்க!"

"சந்தையில இன்னிக்கு விலை என்ன?"

"பாதியாப் போச்சு."

"அப்ப என் அம்பது அங்கேயே இருக்கட்டும்" என்றார் அத்தான். "தீனி ஏரியே போடுது. வாடகையும் கிடையாது. ரெண்டு மாசம் போனா ஆளுக்குக் கால் கிலோ ஏறியிருக்கும், விலையும் ஏறியிருக்கும். எனக்கென்ன அவசரம்?"

பத்தொன்பது வருஷமாகக் கத்திக் கத்திக் கேட்க ஆளில்லாத ஒன்றை இந்த மனுஷன் வலை தைத்துக்கொண்டே சொல்கிறார்! தராசுக்கு நெஞ்சு நிறைந்துபோய், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தான் சிரிக்கவில்லை. ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"அன்னிக்குக் கூட்டத்துக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் சின்னவளே. முதல் கை நான்தான் தூக்கியிருப்பேன்."

அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் மாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில்தான் அன்று சொல்லவில்லை. அதை இரண்டு வருஷமாக அவள் யாரிடமும், அக்காவிடம்கூட, ஒப்புக்கொண்டதில்லை.

"பயந்துட்டேன் அத்தான். தப்புதான். மன்னிச்சிடுங்க."

"ம்" என்றார் அவர். மறுபடி ஊசியை எடுத்தார். உள்ளேயிருந்து அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, நம் வேலை இனி இங்கே இல்லை என்று டீ போடப் போனாள்.

தராசு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வலையின் மறுமுனையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். நாலு கண் தைத்த பிறகு பேச்சை எடுத்தாள்.

"அத்தான், தெற்குக் கரை நாணல் பக்கம் இருக்குல்ல, அதையும் மூடினா என்னன்னு ஒரு யோசனை. இன்னும் யார்கிட்டயும் சொல்லல. முதல்ல உங்ககிட்டதான் சொல்றேன்."

அத்தானின் கை நின்றது. அவளை ஏற இறங்கப் பார்த்தார். பெருமூச்சு ஒன்று விட்டார்.

"எத்தனை வருஷம்?" என்றார்.